'மோர் ஈசியர்' தவறு, 'மோர் யூஸ்ஃபுல்' சரி: எப்படிப் பிரித்து அறிவது?

மழைநாள்:
வணக்கம். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதில் "திஸ் மெத்தட் இஸ் மோர் ஈசியர் தேன் தி ஓல்ட் ஒன்" என்று ஒரு வரி. சரிபார்த்தவர் 'மோர்' மேல் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சரி, மோர் வரக்கூடாது போலிருக்கிறது என்று, அடுத்த பக்கத்தில் இருந்த 'மோர் யூஸ்ஃபுல்' என்பதை நானே 'யூஸ்ஃபுல்லர்' என்று மாற்றினேன். அதற்கும் கோடு விழுந்தது. மூன்றாவதாக 'வெரி பெட்டர்' என்று எழுதிய இடத்தில் வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைத்திருந்தார். அவருக்கு உட்கார்ந்து விளக்க நேரமில்லை.

டால், டாலர், டாலஸ்ட் என்று பள்ளியில் ஒப்பித்த அட்டவணை இன்னும் நினைவில் இருக்கிறது. அதில் இல்லாத ஒரு சொல் வரும்போது எதைச் சேர்ப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மூன்றாம் வரிசை:
சின்னச் சொல் என்றால் கடைசியில் 'அர்'. நீளமான சொல் என்றால் முன்னால் 'மோர்'. இரண்டையும் ஒரே சொல்லுக்குச் சேர்க்கக்கூடாது. இவ்வளவுதான். பழகினால் தானாக வந்துவிடும்.

மழைநாள்:
நன்றி. ஆனால் சின்னது, நீளமானது என்பதற்கு எல்லை எங்கே? 'கேர்ஃபுல்' சின்னச் சொல்தானே?

கரும்பலகை:
மழைநாள், விதிக்குப் போகும் முன் தமிழைக் கொஞ்சம் பார்ப்போம். உங்கள் மூன்று பிழைகளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

"இந்த வழி எளிது." "இந்த வழி அந்த வழியை விட எளிது." இரண்டு வாக்கியத்திலும் 'எளிது' அப்படியே இருக்கிறது. ஒப்பிடும் வேலை முழுவதையும் 'அந்த வழியை விட' என்ற பகுதியே பார்த்துக்கொள்கிறது. தமிழ் ஆதியிலிருந்து அப்படித்தான். தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமையைச் சொல்லும்போது 'இதனின் இற்று இது', அதாவது இதைவிட இது இத்தன்மையது, என்கிறது. எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயர்ச்சொல்லில்தான் 'இன்' உருபு ஏறும். பண்பைச் சொல்லும் சொல்லை யாரும் தொடுவதில்லை.

ஆங்கிலம் இரண்டு இடத்தில் குறி வைக்கிறது. நம் 'விட' செய்யும் வேலைக்கு 'தேன்' என்ற சொல் இருக்கிறது. அது போதாது என்று பெயரடையும் உருமாற வேண்டும். இந்த உருமாற்றம் நமக்குப் பழக்கமில்லாதது. அதனால் தமிழர் முதலில் செய்யும் பிழை "ஹி இஸ் டால் தேன் மீ". தேன் வந்துவிட்டது, டால் மாறவில்லை. யாராவது திருத்தியதும் பயம் பிடித்துக்கொள்கிறது. விட்டுவிடக்கூடாதே என்று மோரும் போட்டு, அர்ரும் போட்டு 'மோர் டாலர்' ஆக்கிவிடுகிறோம். உங்கள் 'மோர் ஈசியர்' இந்த இரண்டாம் வகை.

இனி எல்லைக்கு வருவோம். எழுத்தை எண்ணாதீர்கள், வாயில் எத்தனை ஒலியசை (சிலபிள்) விழுகிறது என்று எண்ணுங்கள். டால், பிக், லாங், சீப், வார்ம் எல்லாம் ஓரசை. இவற்றுக்கு 'அர்'. மூன்று அசையும் அதற்கு மேலும் உள்ளவை, எக்ஸ்பென்சிவ், டிஃபிகல்ட், பியூட்டிஃபுல் போன்றவை, 'மோர்' கேட்கும். இதுவரை சிக்கல் இல்லை. சண்டை எல்லாம் ஈரசைச் சொற்களில்தான்.

ஈரசையில் கடைசி ஒலி 'இ' என்று முடிந்து, எழுத்தில் ஒய் இருந்தால் 'அர்' போடுங்கள்: ஈசி, ஹேப்பி, பிஸி, ஹெவி. எழுதும்போது அந்த ஒய், ஐ ஆக மாறும். சிம்பிள், ஜென்டில் போல எல்-இ யில் முடிபவையும், நேரோ, ஷாலோ போல ஓ-டபிள்யூவில் முடிபவையும் 'அர்' பக்கம்தான்: சிம்ப்ளர், நேரோவர். ஆனால் ஃபுல், லெஸ், இங், எட், அஸ், இவ் போன்ற ஒட்டுகள் கடைசியில் இருந்தால் ஈரசையாக இருந்தாலும் மோர்தான்: மோர் யூஸ்ஃபுல், மோர் கேர்ஃபுல், மோர் ஃபேமஸ், மோர் ஆக்டிவ். ஏற்கெனவே ஒரு வால் இருக்கிற சொல்லில் இன்னொரு வாலை ஒட்ட ஆங்கிலம் விரும்புவதில்லை என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். கேர்ஃபுல் ஏன் 'கேர்ஃபுல்லர்' ஆகவில்லை என்பதற்கு இதுவே பதில்.

மூன்றாம் வரிசை:
இப்படி வாலைத் தேடிக்கொண்டிருந்தால் பேசும்போது வாய் வராது ஐயா. நான் விதி எதுவும் படிக்கவில்லை. படித்தும் கேட்டும்தான் வந்தது.

கரும்பலகை:
கேட்டுக் கற்றால் அதுவே நல்ல வழி, நான் மறுக்கவில்லை. ஆனால் மழைநாள் எழுதுகிறவர். எழுதும்போது நின்று யோசிக்க நேரம் உண்டு. அங்கே விதி உதவும்.

பழைய பேனா:
இரண்டும் வரும் சொற்களையும் சொல்லுங்கள். பொலைட், காமன், ஹேண்ட்சம், பிளசன்ட் எல்லாவற்றுக்கும் அகராதியில் இரண்டு வடிவமும் உண்டு. சந்தேகம் வந்தால் ஈரசைச் சொல்லுக்கு மோர் போடுங்கள், ஆபத்து குறைவு. ஒய்-யில் முடிபவற்றுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். 'மோர் ஈசி', 'மோர் ஹேப்பி' என்று எழுதினால் புதிதாகக் கற்பவர் எழுதியது என்று தெரிந்துவிடும்.

மழைநாள்:
இப்போது தெளிவாகிறது. ஆனால் 'போர்ட்' என்பது ஓரசைதானே, சலிப்படைந்த என்ற பொருளில்? அதற்கு 'போர்டர்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்புறம் 'அன்ஹேப்பி' மூன்றசை. 'அன்ஹேப்பியர்' என்று எங்கோ படித்தேன். அது பிழையா?

கரும்பலகை:
நல்ல கண். போர்ட் பார்க்கத்தான் ஓரசை, ஆனால் அது வினையிலிருந்து பிறந்தது. எட் ஒட்டு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் மோர் போர்ட், மோர் டயர்ட். லாஸ்ட் (தொலைந்த), வோர்ன் (தேய்ந்த) போன்ற வினைப்பிறப்புகளும் இந்த வரிசைதான். 'ரியல்', 'ராங்' போன்ற சில தனிச் சொற்களும் அர் ஏற்பதில்லை, அவற்றைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

அன்ஹேப்பியர் சரியானது. 'அன்' என்ற முன்னொட்டைக் கணக்கில் சேர்க்காமல் ஹேப்பியை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். அன்லக்கியர், அன்டைடியர் இரண்டும் அப்படியே.

ஒலிப்பெட்டி:
எழுத்துக்கூட்டு பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிக், ஹாட், தின், வெட்: ஒரே உயிர், அதன்பின் ஒரே மெய். இங்கே கடைசி மெய் இரட்டிக்கும். சீப் என்பதில் உயிரெழுத்து இரண்டு, வார்ம் என்பதில் மெய் இரண்டு, அதனால் இரட்டிக்காது. ஸ்லோ, நியூ இரண்டும் டபிள்யூவில் முடிவதால் இரட்டிக்காது. லார்ஜ் போல இ-யில் முடிந்தால் ஆர் மட்டும் போதும்.

நான் உண்மையில் சொல்ல வந்தது உச்சரிப்பு. லாங், ஸ்ட்ராங், யங் மூன்றும் தனியாக நிற்கும்போது கடைசியில் மூக்கொலி மட்டும்தான், 'க' கிடையாது. அர் சேர்ந்ததும் ஒரு 'க' முளைக்கும்: லாங்கர், ஸ்ட்ராங்கர், யங்கர். தமிழில் 'ங்' தனியே நிற்பது அரிது, 'ங்க' என்றே வந்து பழகியிருக்கிறது. ஆக இந்த மூன்றையும் நாம் இயல்பாகவே சரியாகச் சொல்லிவிடுகிறோம். பாடகர் என்ற பொருளில் வரும் சிங்கர் என்ற சொல்லில்தான் இடறுகிறோம். அதில் அந்த 'க' வரக்கூடாது. ஒரே வால், ஒன்று ஒப்பீட்டுக்கு, மற்றொன்று செய்பவரைக் குறிக்க. ஒலி வேறு.

மழைநாள்:
இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

சரி, 'வெரி பெட்டர்'? குட் மாறிப் பெட்டர் ஆவதால் வெரியும் சேர்க்கக்கூடாதா?

பழைய பேனா:
தமிழில் 'ரொம்ப' எங்கும் நிற்கும். ரொம்ப நல்லது, அதைவிட ரொம்ப நல்லது. ஆங்கிலத்தில் அந்த இடத்தைப் பங்கிட்டிருக்கிறார்கள். உருமாறாத பெயரடைக்கு முன் வெரி, உருமாறியதற்கு முன் மச் அல்லது ஃபார். வெரி குட், மச் பெட்டர். வெரி யூஸ்ஃபுல், மச் மோர் யூஸ்ஃபுல். 'கொஞ்சம்' என்பதற்கு எ லிட்டில் அல்லது ஸ்லைட்லி. 'இன்னும்' என்பதற்கு ஈவன்: ஈவன் பிக்கர்.

நாம் 'இன்னும்' என்று மனத்தில் நினைத்துக்கொண்டு மோர் போடுகிறோம். 'மோர் பெட்டர்' பிறப்பது அங்கேதான். இன்னும் நல்லது என்று சொல்ல நினைத்தால் ஈவன் பெட்டர் என்று எழுதிப் பழகுங்கள்.

எண்ணக்கூடிய பொருள் வந்தால் மட்டும் மச் மாறி மெனி ஆகும்: மெனி மோர் புக்ஸ்.

நூலகவாசி:
'மோர் பெட்டர்' என்பதைப் படிக்காதவர் பிழை என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தரும், அதனால் ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் 'மோர் பெட்டர்' அப்படியே வருகிறது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' வருகிறது. 'வோர்சர்' என்ற சொல்லும் அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தது. அழுத்தம் கொடுக்க இரட்டிப்பது அன்று குற்றமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இலக்கணம் எழுதியவர்கள்தான் இதற்குத் தடை போட்டார்கள். 1762-இல் வெளிவந்த ராபர்ட் லோத்தின் இலக்கண நூல் அவற்றில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அவர் 'லெஸ்ஸர்' என்ற சொல்லையும் கண்டித்தார், லெஸ் என்பதே ஏற்கெனவே ஒப்பீட்டு வடிவம் என்பதால். ஆனால் லெஸ்ஸர் பிழைத்துக்கொண்டது, இன்று நல்ல எழுத்தில் இருக்கிறது.

இன்னும் வியப்பு 'நியர்'. பழைய ஆங்கிலத்தில் அருகு என்ற பொருளில் 'நை' என்று ஒரு சொல். அதன் ஒப்பீட்டு வடிவம்தான் நியர், உச்ச வடிவம் நெக்ஸ்ட். காலப்போக்கில் நியர் ஒப்பீடு என்பதே மறந்துபோய், அதன் மேல் இன்னொரு அர் ஏறி நியரர் ஆனது. அதாவது இன்று எல்லாரும் சரி என்று எழுதும் நியரர், பிறப்பில் 'மோர் ஈசியர்' செய்த அதே இரட்டைக் குறி.

மூன்றாம் வரிசை:
அப்படியானால் மோர் ஈசியர் எழுதலாம் என்கிறீர்களா?

நூலகவாசி:
இல்லை. இன்றைய எழுத்து ஆங்கிலம் அதை ஏற்பதில்லை, அறிக்கையில் எழுதினால் மழைநாளுக்குத்தான் கஷ்டம். நான் சொல்வது, அது மூடத்தனமான பிழை இல்லை என்பது. ஆங்கிலம் பேசியவர்களே நூற்றாண்டுகளாகச் செய்தது. அந்தக் கோட்டைப் பார்த்து மனம் சுருங்க வேண்டியதில்லை, மழைநாள்.

மழைநாள்:
நன்றி. உண்மையில் கொஞ்சம் சுருங்கித்தான் போயிருந்தேன்.

இன்னொன்று. "ஹி இஸ் எல்டர் தேன் மீ" என்று எழுதலாமா? எங்கள் குழுத் தலைவரைப் பற்றி எழுத வேண்டும்.

கரும்பலகை:
வேண்டாம். எல்டர் இன்று பெரும்பாலும் குடும்ப உறவுக்கு, அதுவும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும்: மை எல்டர் பிரதர். அண்ணன், அக்கா என்று நமக்கு உறவுச் சொல்லிலேயே மூப்பு இருப்பதால் 'மூத்தவர்' என்றதும் எல்டர் நாக்கில் வந்துவிடுகிறது. தேன் வரும் இடத்தில் ஓல்டர்தான்: ஹி இஸ் ஓல்டர் தேன் மீ. நம்மிடையே 'எல்டர் டு மீ' என்றும் நிறையக் கேட்கிறோம். வேறு நாட்டவர் படிக்கும் எழுத்தில் ஓல்டர் தேன் போடுவதே நல்லது.

நீங்கள் சொல்ல வருவது பதவி மூப்பு என்றால் சீனியர். அதற்குத் தேன் வராது, 'டு' வரும்: சீனியர் டு மீ. ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் எல்லாவற்றுக்கும் டு. இவை லத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவமாகவே வந்தவை, 'மோர் சுப்பீரியர்' என்று மோர் சேர்ப்பதும் கூடாது. பிரிஃபர் என்ற வினைக்கும் டுதான், நாம் அடிக்கடி தேன் போட்டுவிடுகிறோம்.

நூலகவாசி:
எல்டர் பற்றி ஒரு சின்னச் செய்தி. ஓல்ட் எப்படி எல்டர் ஆனது என்றால், பழைய ஆங்கிலத்தில் சில சொற்களில் ஒப்பீட்டு வால் ஒட்டும்போது உள்ளே இருந்த உயிரும் மாறும். ஸ்ட்ராங் அன்று 'ஸ்ட்ரெங்கர்' என்றுதான் ஆனது. பிறகு எல்லாம் நேராகி ஸ்ட்ராங்கர், ஓல்டர் என்று வந்துவிட்டன. எல்டர் மட்டும் குடும்பத்துக்குள் தங்கிவிட்டது.

பழைய பேனா:
"ஓல்டர் தேன் மீ" என்று எழுதியிருக்கிறார் கரும்பலகை. நான் படித்த காலத்தில் "ஓல்டர் தேன் ஐ" என்று எழுதாவிட்டால் மதிப்பெண் கிடையாது. தேன் இணைப்புச் சொல், அதற்குப்பின் 'ஐ ஆம்' மறைந்திருக்கிறது. நான் இன்றும் அதைத்தான் சரி என்பேன்.

கரும்பலகை:
அந்த வாதத்துக்கு நீண்ட மரபு உண்டு, லோத்தே அப்படித்தான் வாதிட்டார். ஆனால் இன்று பேச்சிலும் பெரும்பாலான எழுத்திலும் தேன் மீ இயல்பாகிவிட்டது. வெறும் 'தேன் ஐ' பலருக்கு விறைப்பாகக் கேட்கிறது. உங்களுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு வழி இருக்கிறது: ஓல்டர் தேன் ஐ ஆம். வினையையும் சேர்த்து எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

இலக்கணச் சண்டையை விடப் பொருள் குழப்பம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்தும். "ஷி லைக்ஸ் யூ மோர் தேன் மீ." என்னைப் பிடிப்பதை விட உன்னை அதிகம் பிடிக்கிறதா, அல்லது எனக்கு உன்னைப் பிடிப்பதை விட அவளுக்கு அதிகம் பிடிக்கிறதா? தமிழிலும் 'அவள் என்னை விட உன்னை அதிகம் விரும்புகிறாள்' என்பதில் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது. அதனால்தான் நம் கண்ணுக்கு அது படுவதில்லை. முதல் பொருளுக்குத் தேன் ஷி லைக்ஸ் மீ, இரண்டாவதற்குத் தேன் ஐ டூ.

பழைய பேனா:
வினையோடு எழுதுவதில் எனக்கு உடன்பாடு. தனியே நிற்கும் 'மீ' எனக்கு உறுத்தும், அது மாறாது.

ஒலிப்பெட்டி:
தேன் என்பதை எழுதும்போது ஏ-க்குப் பதில் இ போட்டு 'பிறகு' என்ற சொல்லாக்கிவிடுகிறவர்கள் அதிகம். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல்தான், பிறகு பிரிந்தன. எழுத்துப்பிழை சரிபார்க்கும் மென்பொருள் பல நேரம் இதைப் பிடிக்காது, இரண்டுமே உண்மையான சொற்கள் என்பதால். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கரும்பலகை:
அறிக்கை எழுதுகிறவர் என்பதால் இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன், மழைநாள்.

"தி விண்டோ ஆஃப் திஸ் ரூம் இஸ் பிக்கர் தேன் தட் ரூம்." இப்படி எழுதினால் சன்னலை அறையோடு ஒப்பிட்டதாகிவிடும். சன்னலைச் சன்னலோடு ஒப்பிட வேண்டும்: பிக்கர் தேன் தட் ஆஃப் தட் ரூம். பன்மை என்றால் தோஸ் ஆஃப். தமிழில் 'அந்த அறையை விட' என்றாலே கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்திலும் பேச்சில் புரியும், அறிக்கையில் கோடு விழும்.

அடுத்தது அதர். "ஜூபிட்டர் இஸ் பிக்கர் தேன் எனி பிளானட் இன் தி சோலார் சிஸ்டம்" என்றால் வியாழனும் ஒரு கோள்தானே, தன்னை விடவும் அது பெரிதாகிவிடும். எனி அதர் பிளானட் என்று எழுத வேண்டும். ஆனால் சூரியனைச் சொல்லும்போது எனி பிளானட் போதும், சூரியன் கோள் இல்லை. தேர்வுக்குப் படிக்கும்போது இந்த அதரை மனப்பாடமாகச் சேர்க்கிறோம், எதற்கு என்று கேட்பதில்லை.

மழைநாள்:
குறைவு என்று சொல்ல லெஸ் போடலாமா? 'லெஸ் டால்'?

பழைய பேனா:
லெஸ் எக்ஸ்பென்சிவ், லெஸ் யூஸ்ஃபுல் எல்லாம் நன்றாக வரும். லெஸ் டால் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. நாம் "அவன் அவ்வளவு உயரமில்லை" என்று சொல்வது போலவே, நாட் ஆஸ் டால் ஆஸ். இந்த ஓர் இடத்தில் தமிழ் மனத்தோடு ஆங்கிலம் ஒத்துப்போகிறது.

ஒலிப்பெட்டி:
ஒத்துப்போகும் இன்னோர் இடமும் உண்டு. "ஏற ஏறக் குளிர் கூடும்." நாம் வினையை இரட்டிக்கிறோம். அவர்கள் 'தி' போட்டு இரட்டிக்கிறார்கள்: தி ஹையர் வி கிளைம், தி கோல்டர் இட் கெட்ஸ்.

நூலகவாசி:
அந்த 'தி' வழக்கமான தி இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'அந்த அளவால்' என்ற பொருள் தரும் வேற்றுமை வடிவம் ஒன்று இருந்தது, அதன் எச்சம். அதனால்தான் பின்னால் பெயர்ச்சொல் இல்லாமலே நிற்கிறது.

மழைநாள்:
"தி மோர் யூ பிராக்டிஸ், தி ஈசியர் இட் பிகம்ஸ்" என்று ஒரு பாடத்தில் படித்தேன். இதில் மோரும் ஈசியரும் சேர்ந்து வருகிறதே?

கரும்பலகை:
வாக்கியத்தை நடுவில் வெட்டிப் பாருங்கள். மோர் முதல் பாதியில், எவ்வளவு பழகுகிறோம் என்பதைச் சொல்கிறது. ஈசியர் இரண்டாம் பாதியில் தனியாக நிற்கிறது. ஒரே சொல்லின் மேல் இரண்டு குறி விழவில்லை. பிராக்டிஸுக்குப் பதில் டிஃபிகல்ட் போன்ற பெயரடை வந்தால் மோர் அதைத் தொட்டுக்கொண்டே நிற்கும்: தி மோர் டிஃபிகல்ட் தி டாஸ்க், தி லாங்கர் இட் டேக்ஸ்.

மோரும் ஓரசைச் சொல்லும் சேர்ந்தே நிற்கும் ஓர் இடமும் இருக்கிறது. ஒரே ஆளின் இரண்டு பண்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது: ஹி இஸ் மோர் பிரேவ் தேன் வைஸ். அறிவாளி என்பதை விடத் துணிச்சல்காரர் என்று சொல்லலாம், அந்தப் பொருள். இங்கே பிரேவர் போட்டால் தவறு.

மழைநாள்:
திருத்தி எழுதிய பத்தி இது. நாளை காலை அனுப்ப வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள்.

"திஸ் மெத்தட் இஸ் மச் ஈசியர் தேன் தி ஓல்ட் ஒன், அண்ட் ஃபார் மோர் யூஸ்ஃபுல் ஃபார் நியூ ஸ்டாஃப். தி மோர் டேட்டா வி என்டர், தி பெட்டர் தி ரிசல்ட்ஸ். திஸ் இயர்ஸ் எரர் ரேட் இஸ் லோயர் தேன் லாஸ்ட் இயர்."

மூன்றாம் வரிசை:
எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது.

கரும்பலகை:
முதல் இரண்டு வரிகளில் கை வைக்க ஒன்றுமில்லை. கடைசி வரியில் பிழை விகிதத்தை ஆண்டோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். சன்னலும் அறையும் நினைவிருக்கிறதா?

மழைநாள்:
தேன் லாஸ்ட் இயர்ஸ். மாற்றிவிட்டேன்.